கல்லாப்பெட்டி நோட்டும் ஒற்றை டிக்கும்: குன்னூர்க் கடையிலிருந்து ஓர் அனுபவம்

குன்னூரில் சிம்ஸ் பூங்காவுக்குப் போகும் சாலையில் தேயிலைத்தூள், நீலகிரித் தைலம், வீட்டிலேயே செய்யும் சாக்லேட், வர்க்கி ஆகியவற்றை விற்கும் சிறிய கடை எங்களுடையது. ஏப்ரல், மே மாதங்களின் கூட்டமும் செப்டம்பர், அக்டோபரில் வரும் இரண்டாம் சீசனும்தான் எங்கள் ஆண்டு வருமானத்தைத் தீர்மானித்துவந்தன. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமானபோது, மலையேறி வருகிறவர்களை மட்டுமே நம்பிக் கடை நடத்த முடியாது, ஒருமுறை வாங்கிச் சென்றவர்களுக்கு ஊர் திரும்பிய பிறகும் தபாலிலோ கூரியரிலோ பொருள் அனுப்பியாக வேண்டும் என்று முடிவு செய்தோம்.

அவர்களுடைய எண்கள் எங்களிடம் இருந்தன. பார்சல் கேட்டவர்கள், தூள் தீர்ந்தால் சொல்லி அனுப்புங்கள் என்றவர்கள் என்று பல ஆண்டுகளாகக் கல்லாப்பெட்டிக்குக் கீழே ஒரு நீள நோட்டில் எழுதிவைத்ததில் ஏறத்தாழ 900 பேர் சேர்ந்திருந்தார்கள். எண்கள் கையில் இருப்பதே பாதி வேலை முடிந்ததற்குச் சமம் என்று நான் நினைத்தது தவறு.

முதலில் வாட்ஸ்அப் பிசினஸ் செயலியைக் கடைப் போனில் நிறுவினேன். கட்டணம் இல்லை, பொருள்களைப் படத்தோடும் விலையோடும் அடுக்கிவைக்கக் கேட்டலாக், கடை மூடியிருக்கும்போது தானாகப் போகும் பதில், வாடிக்கையாளர்களைப் பிரித்துவைக்க லேபிள் என்று சிறு கடைக்கு வேண்டியவை அதிலேயே இருந்தன. நோட்டைப் பார்த்து இரண்டு நாள் எண்களை ஏற்றி, ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் அதிகபட்சமாகச் சேர்க்க முடிகிற 256 பேரையும் சேர்த்து, பதினொரு படங்களோடு நீண்ட செய்தி ஒன்றை அனுப்பினேன். மறுநாள் காலை அந்தச் செய்தியை அழுத்திப் பிடித்து விவரம் பார்த்தால், சென்று சேர்ந்தது 41 பேருக்கு மட்டுமே. மழைக்காலத்தில் எங்கள் பக்கம் மின்சாரமும் சிக்னலும் போய்ப்போய் வருவது வழக்கம் என்பதால் அதையே காரணமாக நினைத்து மறுபடியும் அனுப்பினேன். அப்போதும் அதே 41 பேர்தான்.

கோயம்புத்தூரில் கணினித் துறையில் இருக்கும் என் அக்கா மகனிடம் கேட்டபோதுதான் விஷயம் விளங்கியது. "சித்தி, உங்ககிட்ட அவங்க நம்பர் இருந்தா மட்டும் போதாது. அவங்க போன்ல உங்க நம்பர் சேவ் ஆகியிருக்கணும். இல்லேன்னா பிராட்காஸ்ட் போகாது, ஒத்தை டிக்கோட நின்னுடும்" என்றான். வாங்கியவர் தம் போனில் நம் பெயரைப் பதிந்துவைக்கும் அளவுக்கு நம்மை நினைவில் வைத்திருக்கிறாரா என்பதை இதைவிடத் துல்லியமாக அளக்க முடியாது. அன்றைக்கு அது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

இதற்கிடையில் ஒருவர் கடைக்கே வந்து, ஒரே நாளில் பத்தாயிரம் பேருக்குச் செய்தி அனுப்பும் மென்பொருளையும் அதற்கான எண்களையும் சேர்த்தே தருவதாகச் சொன்னார். எண் முடக்கப்பட்டால் என்ன செய்வது என்று கேட்டதற்கு, வேறு சிம் போட்டுக்கொள்ளலாம் என்றார். கடைப் பலகையிலும் பில்லிலும் சாக்லேட் பெட்டியிலும் அச்சிட்டிருக்கும் எண்ணை அப்படி மாற்றிக்கொண்டிருக்க முடியாது. மேலும், எங்கள் கடையை அறியாதவருக்குச் செய்தி அனுப்ப அவர் அனுமதி கொடுக்கவே இல்லை. மென்பொருள் விற்க வந்தவரைத் தேநீர் கொடுத்து அனுப்பிவைத்தோம்.

குறுஞ்செய்தியையும் விசாரித்தோம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018இல் கொண்டுவந்த விதிகளின்படி, வணிகக் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டுமானால் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் கடையைப் பதிவு செய்து, அனுப்புநர் பெயருக்கும் செய்தியின் வாசகத்துக்கும் முன்கூட்டியே ஒப்புதல் பெற வேண்டும். அது முறைதான், ஆனால் தமிழில் அனுப்பினால் கணக்கு இடித்தது. ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து இடம் என்றால் தமிழுக்கு 70தான். அதிலும் கொம்பும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படுகின்றன. கண்ணுக்கு மூன்று எழுத்தாகத் தெரியும் 'தைலம்' ஐந்து இடத்தைப் பிடிக்கிறது. விலையும் முகவரியும் எழுதுவதற்குள் ஒரு செய்தி இரண்டாகி, செலவும் இரட்டிப்பாகிறது.

டெலிகிராமில் சேனல் தொடங்கிய கதையைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். எத்தனை பேர் வேண்டுமானாலும் சேரலாம். சேர்ந்தவர்கள் 19 பேர், அவர்களில் நால்வர் உறவினர்.

அதிக நாள் யோசித்தது வாட்ஸ்அப் பிசினஸ் ஏபிஐ பற்றித்தான். போன் செயலிக்குப் பதிலாக வேறு மென்பொருள் வழியே செய்தி அனுப்பும் கட்டண வசதி அது. அதில் நம் எண் அவர்களிடம் பதிவாகியிருக்க வேண்டியதில்லை. செய்தி பெற அவர்கள் ஒப்புக்கொண்டிருந்தால் போதும். ஆனால் நாமாகத் தொடங்கும் ஒவ்வொரு செய்தியையும் வார்ப்புருவாக, அதாவது முன்பே வகுத்த மாதிரி வாசகமாக எழுதி முன்கூட்டியே ஒப்புதல் பெற வேண்டும். வாடிக்கையாளர் நமக்கு எழுதினால், அவருடைய கடைசிச் செய்தியிலிருந்து 24 மணிநேரம் வரை நம் விருப்பப்படி பதில் எழுதலாம். அதற்குப் பிறகு மறுபடியும் வார்ப்புருதான். வார்ப்புருக்களையும் விளம்பரம், பயன்பாடு, சரிபார்ப்பு என்று வகை பிரித்து வெவ்வேறு கட்டணம் வைத்திருக்கிறார்கள். "உங்கள் பார்சல் இன்று அனுப்பப்பட்டது" என்பது பயன்பாடு. அதன் கீழே "அடுத்த ஆர்டருக்குப் பத்து சதவீதத் தள்ளுபடி" என்று ஒரு வரி சேர்த்தால் முழுச் செய்தியும் விளம்பரமாகிவிடும், கட்டணமும் ஏறிவிடும். கடைக்காரர் கை அந்த ஒரு வரியைச் சேர்க்காமல் இருக்காது என்பதை அறிந்தே இந்த விதியை எழுதியிருக்கிறார்கள் போலிருக்கிறது.

இந்தியாவுக்கு விளம்பரக் கட்டணம் அப்போது ஒரு ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக இருந்தது. 24 மணிநேர உரையாடலுக்கு ஒரு கட்டணம் என்றிருந்த முறை 2025 ஜூலை 1 முதல் செய்திக்கு ஒரு கட்டணமாக மாறியது. 900 பேருக்கு அனுப்பும் செலவைத் தாங்கிக்கொள்ள முடியும். இடையில் நிற்கும் சேவை நிறுவனங்கள் கேட்ட மாதச் சந்தாதான் எங்கள் அளவுக்கு அதிகம். அதைவிடப் பெரிய தடை, நாங்கள் விசாரித்தபோது ஒரே எண்ணைச் செயலியிலும் ஏபிஐயிலும் சேர்த்து வைத்துக்கொள்ள முடியாது என்றார்கள். பின்னர் அதற்கு வழி வந்துவிட்டது, அன்றைக்கு இல்லை. என் நாத்தனார் அடுப்படியில் இருந்தபடியே பாலக்காட்டுக்காரர்களுக்கு மலையாளத்திலும் மற்றவர்களுக்குத் தமிழிலும் குரல்பதிவில் பதில் சொல்லும் போனை ஏதோ ஒரு திரைக்குள் கொண்டுபோய் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே செயலியிலேயே இருந்துகொண்டு, ஒற்றை டிக்கைச் சரிசெய்யும் வழியைத் தேடினோம். செயலி தரும் கியூஆர் குறியீட்டை அட்டையில் அச்சிட்டுக் கல்லாவின் முன் வைத்தோம். பில் போட்டதும், "தூள் தீர்ந்தால் எழுதுங்கள், அனுப்பிவைக்கிறோம். இதை ஸ்கேன் செய்து ஊர்ப் பெயரை அனுப்பி, நம்பரைச் சேவ் செய்துகொள்ளுங்கள்" என்று சொல்வோம். மாட்டேன் என்பவரை இரண்டாம் முறை கேட்பதில்லை. அப்படி வந்தவர்களைத் தூள், தைலம், சாக்லேட் என்று மூன்று பட்டியலாகப் பிரித்தோம். சாக்லேட் பட்டியலுக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை மட்டுமே எழுதுகிறோம். வெயில் காலத்தில் மதுரைக்குப் போகும் பெட்டி கூழாகத்தான் போய்ச் சேரும்.

2025 ஜனவரியில், உறைபனி விழும் நாள்களில் பறிக்கும் ஃபிராஸ்ட் டீ வந்ததும் தூள் பட்டியலில் இருந்த 212 பேருக்கு ஒரே ஒரு படமும் நான்கு வரியும் அனுப்பினேன். "வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுதுங்கள், நீக்கிவிடுகிறோம்" என்பது நான்காவது வரி. இரவுக்குள் 190க்கு மேல் இரட்டை டிக் விழுந்திருந்தது. 37 ஆர்டர்கள், ஆறு 'வேண்டாம்', "அந்தப் பழைய வர்க்கி இன்னும் போடுகிறீர்களா" என்று திருச்சியிலிருந்து ஒரு பெரியவரின் கேள்வி. ஆறு பேரையும் அன்றைக்கே நீக்கினேன். வர்க்கி நொறுங்காமல் போய்ச் சேர எந்த டப்பாவில் அடைப்பது என்று நாத்தனார் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.