நிறுவனர் ஒருவரா, பலரா: கானா பற்றிய பதிவைத் திருத்தும் வேலை

மேற்கு ஆப்பிரிக்க நாடான கானாவைப் பற்றி வரும் கைப்பிரதிகளில் சிவப்பு மை முதலில் விழும் வரி பெரும்பாலும் இதுதான்: "கானாவை நிறுவியவர் குவாமே நிக்ருமா." நாடு விடுதலை பெற்றபோது பிரதமராக இருந்தவர் அவர். தப்பு என்று அடிக்கவும் முடியாது, சரி என்று சுழித்து அனுப்பவும் முடியாது. கலைக்களஞ்சியப் பதிவு, பாடநூலின் பெட்டிச் செய்தி, போட்டித் தேர்வு வினா என எதுவானாலும் இந்த ஒரு வரியில்தான் வேலை இழுத்துக்கொள்ளும். ஏனென்றால் கானாவிலேயே இந்த வரி ஆட்சிக்கு ஆட்சி மாறியிருக்கிறது, அதுவும் சட்டமாக.

சண்டையின் பொருளை முதலில் பார்த்துவிடுவோம். ஆங்கிலத்தில் 'ஃபவுண்டர்ஸ் டே' என்ற விடுமுறைப் பெயரில் வரும் ஒரே ஒரு அப்பாஸ்திரபிதான் அது. எஸ் எழுத்துக்கு முன்னால் போட்டால் நாட்டை நிறுவியவர் ஒருவர், பின்னால் போட்டால் பலர். வாயால் சொல்லும்போது இரண்டும் ஒன்றுபோலவே ஒலிக்கும். தமிழுக்கு வரும்போது தொல்லை கூடுகிறது. 'நிறுவனர்' என்பதிலுள்ள அர் விகுதி அடிப்படையில் பலர்பால். மரியாதைக்காக ஒருவருக்கும் அதையே வைத்துக்கொண்டோம். ஆகவே 'நிறுவனர் நாள்' என்று எழுதினால் எந்தக் கட்சியின் நாளைச் சொல்கிறோம் என்றே தெரியாது. கானாவில் மூன்று அரசுகள் போராடிப் பிரித்ததைத் தமிழ் விகுதி சத்தமில்லாமல் ஒன்றாக்கிவிடும். பன்மைக்கு 'நிறுவனர்கள் நாள்' என்று கள் சேர்த்தே எழுத வேண்டும். ஒருமைக்கு, முதல்முறை வரும் இடத்திலாவது 'நிக்ருமாவை நிறுவனராகப் போற்றும் நாள்' என்று விரித்து எழுதிவிட்டால் பிறகு சுருக்கிக்கொள்ளலாம். 'தேசத் தந்தை' என்று தாவிவிடுவது சுலபம்தான். ஆனால் அது விவாதத்தில் ஒரு பக்கத்தின் முடிவு, மொழிபெயர்ப்பு அல்ல.

விடுமுறைகளின் வரிசை இது. 2009-இல், நிக்ருமாவின் நூற்றாண்டில், ஜான் அட்டா மில்ஸ் அரசு செப்டம்பர் 21-ஐ ஒருமை நிறுவனர் நாளாக்கியது. 2019-இல் நானா அக்குஃபோ-அடோ அரசு சட்டத்தைத் திருத்தி ஆகஸ்ட் 4-ஐப் பன்மை நிறுவனர்கள் நாளாக்கியது. செப்டம்பர் 21 விடுமுறையாகவே நீடித்தது, பெயர் மட்டும் நிக்ருமா நினைவு நாள் என்று மாறியது. 2025-இல் ஜான் மஹாமா அரசு மறுபடி திருத்தி, ஆகஸ்ட் 4-ஐப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, செப்டம்பர் 21-க்குப் பழைய பெயரைத் திருப்பித் தந்தது. ஆக, 'கானாவில் நிறுவனர் நாள் எது?' என்ற வினாவுக்கு ஆண்டு சொல்லாமல் விடை கிடையாது. 2019-க்கும் 2025-க்கும் இடையில் தொகுத்த வினாத்தொகுப்பை அப்படியே மறு அச்சுக்கு அனுப்பினால் விடைக்குறிப்பு தவறிவிடும்.

ஆகஸ்ட் 4 எங்கிருந்து வந்தது? 1947 ஆகஸ்ட் 4 அன்று சால்ட்பாண்ட் என்ற கடலோர ஊரில் ஐக்கிய கோல்டு கோஸ்ட் மாநாடு என்ற கட்சி (இனி மாநாட்டுக் கட்சி) தொடங்கியது. கோல்டு கோஸ்ட் என்பது பிரிட்டிஷ் ஆட்சியில் நாட்டுக்கு இருந்த பெயர். அரை நூற்றாண்டுக்கு முன், 1897-இல், கேப் கோஸ்ட்டில் பூர்வகுடி உரிமைப் பாதுகாப்புச் சங்கம் தோன்றியதும் இதே ஆகஸ்ட் 4 என்று அக்குஃபோ-அடோ தரப்பு சேர்த்துச் சொன்னது. அந்தச் சங்கம் சாதாரணமானதல்ல. பிரிட்டிஷ் ஆட்சியாளர் கொண்டுவந்த நில மசோதாவை எதிர்த்து லண்டனுக்கே தூதுக்குழு அனுப்பித் திரும்பப்பெற வைத்தது. பல ஆப்பிரிக்கக் குடியேற்றங்களில் நடந்ததுபோல இங்கே நிலம் மொத்தமாகக் கைமாறாமல் தப்பியதில் அதற்குப் பங்குண்டு. நிறுவியவர்கள் என்ற வரிசையை 1947-இல் தொடங்குவதா 1897-இல் தொடங்குவதா என்பதே தனி வழக்கு.

இனி வேலை. பெயரை எழுதுவதற்கு முன் வினைச்சொல்லை எழுத வேண்டும். 'நிறுவினார்' என்ற வினைக்கு எழுவாய் தேடுவதை விட்டுவிட்டு, எதை, எப்போது என்ற இரண்டு இடங்களை முதலில் நிரப்ப வேண்டும். அப்படி நிரப்பினால் ஒரே கேள்வி ஐந்தாறாகப் பிரிந்துவிடும். முதல் தேசியக் கட்சிக்குப் பணம் போட்டுத் தலைமை ஏற்றவர் ஜார்ஜ் பா கிராண்ட் என்ற மர வியாபாரி. பழைய கானாப் பேரரசின் பெயரை நாட்டுக்கு எடுத்துத்தந்த பெருமை ஜே. பி. டான்குவாவுக்குப் போகிறது. பல்கலைக்கழகக் கல்லூரி வேண்டுமென்று வாதாடியதும் அவர்தான். நிக்ருமாவை லண்டனிலிருந்து வரவழைக்கலாம் என்று சொன்னவர் எபனேசர் அக்கோ அட்ஜெய். 1957 மார்ச் 6 நள்ளிரவில் விடுதலையை அறிவித்தவர், 1960 ஜூலை 1 அன்று குடியரசுத் தலைவரானவர் நிக்ருமா. இந்த வாக்கியங்களில் எதையும் எந்தக் கட்சியும் மறுக்காது. எல்லாவற்றையும் 'நிறுவினார்' என்ற ஒரே சொல்லில் அமுக்கும்போதுதான் சண்டை.

பன்மைக் கட்சியினர் பெரும்பாலும் காட்டுவது 'பெரிய அறுவர்' பட்டியலை: நிக்ருமா, டான்குவா, அக்கோ அட்ஜெய், எட்வர்ட் அக்குஃபோ-அடோ, இம்மானுவேல் ஒபெட்செபி-லாம்ப்டே, வில்லியம் ஒஃபோரி அட்டா. இந்தப் பட்டியல் எப்படி உருவானது என்பதை எழுதாமல் பட்டியலை மட்டும் அச்சிடுவது நம் பிரதிகளில் தொடர்ந்து வரும் குறை. 1948 பிப்ரவரி 28 அன்று, இரண்டாம் உலகப்போரில் பிரிட்டனுக்காகச் சண்டையிட்டுத் திரும்பிய முன்னாள் படைவீரர்கள் ஆளுநரிடம் மனு கொடுக்க அக்ராவில் ஆயுதமின்றி ஊர்வலம் போனார்கள். கிறிஸ்டியன்ஸ்போர்க் சந்தியில் காவல்துறை சுட்டதில் சார்ஜன்ட் அட்ஜெட்டே, கார்ப்பரல் அட்டிப்போ, படைவீரர் ஒடார்ட்டே லாம்ப்டே மூவரும் இறந்தார்கள். ஊர் பற்றி எரிந்தது. இறக்குமதிச் சரக்கின் விலையை எதிர்த்துக் குறுநிலத் தலைவர் நீ குவாபெனா போன் நடத்திய புறக்கணிப்பு அப்போதுதான் முடிந்திருந்தது. நோய் கண்ட கோகோ மரங்களை அரசு வெட்டித் தள்ளியதில் விவசாயிகளும் கொதித்துப் போயிருந்தார்கள். கலவரத்துக்குப் பின்னால் மாநாட்டுக் கட்சியின் தலைவர்கள்தான் இருக்கிறார்கள் என்று கருதிய ஆளுநர் ஜெரால்ட் கிரீசி, மார்ச் மாதம் ஆறு பேரைப் பிடித்து நாட்டின் வடபகுதிக்கு அனுப்பினார்.

அறுவர் என்பது, அப்படியானால், ஒரு கைது ஆணை. தேர்ந்தெடுத்தவர் பிரிட்டிஷ் ஆளுநர். கட்சிக்குத் தலைவராகவும் பணப்பையாகவும் இருந்த பா கிராண்ட் அதில் இல்லை. சுடப்பட்ட மூவரும் இல்லை, புறக்கணிப்பை நடத்திய குறுநிலத் தலைவரும் இல்லை. பெண்கள் ஒருவர்கூட இல்லை. விடுதலைப் போராட்டத்தின் நிறுவனர் பட்டியலை ஆட்சியாளரின் சிறைக் குறிப்பேட்டிலிருந்து எடுத்துக்கொள்வது விசித்திரமான வழக்கம்தான். பன்மை நியாயமே, ஆனால் அறுவர் என்ற எண்ணிக்கைக்கு அந்த நியாயம் போதாது. பதிவில் எழுதவேண்டியது இவ்வளவுதான்: '1948-இல் கைதான ஆறு தலைவர்கள், பின்னாளில் பெரிய அறுவர் என்று அழைக்கப்பட்டவர்கள்.' கைதை எழுதினாலே அந்த எண் எங்கிருந்து வந்தது என்று படிப்பவருக்குப் புரிந்துவிடும்.

ஒருமைக் கட்சியின் வாதம் எண்களில் வலுவாக நிற்கிறது, அவற்றை விடாமல் கொடுக்க வேண்டும். மாநாட்டுக் கட்சி கேட்டது 'முடிந்தவரை குறுகிய காலத்தில்' தன்னாட்சி. அதன் செயலாளராக 1947 டிசம்பரில் வந்து சேர்ந்த நிக்ருமா, 1949 ஜூன் 12 அன்று பிரிந்துபோய் மக்கள் மாநாட்டுக் கட்சியைத் தொடங்கினார். கோஷம் 'இப்போதே தன்னாட்சி'. 1950 ஜனவரியில் காந்தி வழியிலான ஒத்துழையாமையை 'நேர்முகச் செயல்' என்ற பெயரில் அறிவித்துச் சிறைக்குப் போனார். 1951 பிப்ரவரித் தேர்தலில், சிறையிலிருந்தபடியே அக்ரா மத்தியத் தொகுதியில் பதிவான 23,122 வாக்குகளில் 22,780 பெற்றார். மக்கள் வாக்களித்து நிரப்பிய 38 இடங்களில் 34 அவருடைய கட்சிக்கு. 1956-இல் 104 இடங்களில் 71. அவர் உள்ளே இருந்தபோது கட்சியை வெளியே ஓட்டியவர் கோம்லா பெடெமா என்பதை இந்த இடத்திலேயே ஒரு வரி சேர்க்கலாம். ஒருமை வாதத்துக்குள்ளேயே இருக்கும் பன்மை அது. ஊர் ஊராகப் பெண்களைத் திரட்டிய ஹன்னா குஜோவின் பெயரும் பெரும்பாலான பதிவுகளில் விட்டுப்போகிறது.

இரு தரப்பும் அதிகம் பேசாத விஷயம் நிலப்பரப்பு. கோல்டு கோஸ்ட் என்ற பெயரில் அன்று நான்கு துண்டுகள் இருந்தன: 1874-இல் குடியேற்றமாக அறிவித்த தென்கரை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டன் இணைத்துக்கொண்ட அசாந்தி, பாதுகாப்புப் பகுதியான வடக்கு, ஐ.நா. பொறுப்பிலிருந்த பிரிட்டிஷ் டோகோலாந்து. டோகோலாந்து மக்கள் 1956 மே 9 அன்று வாக்கெடுப்பில் சுமார் 58 விழுக்காடு ஆதரவுடன் சேர்ந்தார்கள். அதன் தென்பகுதி எதிராகவே வாக்களித்தது. அசாந்தியில் 1954-இல் தோன்றிய தேசிய விடுதலை இயக்கம் கூட்டாட்சி கேட்டது, ஒற்றையாட்சிக்குப் போகத் தயங்கியது. இந்த நான்கையும் ஒட்டவைத்ததுதான் 'நாட்டை நிறுவுதல்' என்று எடுத்துக்கொண்டால், வாக்குச்சாவடிக்குப் போன டோகோலாந்து விவசாயியும் நிறுவனர்தான். சால்ட்பாண்டில் கூடியவர்கள் பெரும்பாலும் தென்கரையின் வழக்கறிஞர்கள், வியாபாரிகள். ஆகஸ்ட் 4-ஐ முழு நாட்டின் பிறப்பிடமாக எழுதும்போது வடக்கு காணாமல் போய்விடுகிறது.

மெய்ப்பில் வழக்கமாகத் தப்பிவிடும் பிழைகள் சில. 1957-இல் நிக்ருமா பிரதமர் மட்டுமே. அரசி எலிசபெத்தே நாட்டின் தலைவராக 1960 வரை நீடித்தார். 'முதல் குடியரசுத் தலைவர் 1957' என்ற வரி பல தகவல் பெட்டிகளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'சகாராவுக்குத் தெற்கே விடுதலை பெற்ற முதல் நாடு' என்பதும் அப்படியே. 1956 ஜனவரி 1 அன்றே சூடான் விடுதலை பெற்றது. 'வெப்பமண்டல ஆப்பிரிக்காவில் பிரிட்டனிடமிருந்து' என்று நீட்டினாலும் சூடானுடன் இடிக்கும். 'மேற்கு ஆப்பிரிக்காவின் பிரிட்டிஷ் பகுதிகளில் முதலாவது' என்றால் பாதுகாப்பு. பழைய கானாப் பேரரசு இன்றைய கானாவில் இல்லை. அது இன்றைய மௌரித்தானியா, மாலி பகுதியில் இருந்தது. மார்ச் 6 என்ற தேதிக்கும் முன்கதை உண்டு. 1844-இல் தென்கரையின் ஃபான்டே இனத் தலைவர்கள் பிரிட்டனுடன் ஒப்பந்தம் செய்துகொண்டதும் இதே மார்ச் 6-தான்.

பெயர்க் குழப்பம் இன்னும் மோசம். எட்வர்ட் அக்குஃபோ-அடோ அறுவரில் ஒருவர், 1970 முதல் 1972 வரை குடியரசுத் தலைவர். 2017-இல் பதவியேற்ற நானா அக்குஃபோ-அடோ அவர் மகன். டான்குவாவும் இதே உறவு வட்டம். வில்லியம் ஒஃபோரி அட்டாவின் தந்தை அக்கியெம் அபுவாக்குவாவின் மன்னர் முதலாம் நானா ஒஃபோரி அட்டா. டான்குவா அந்த மன்னருக்குத் தம்பி முறை. ஜான் அட்டா மில்ஸுக்கு இவர்களோடு ஒட்டுமில்லை, உறவுமில்லை. அவர் எதிர்க் கட்சி. 'அட்டா', 'அடோ', 'அக்கோ' மூன்றையும் வெவ்வேறு எழுத்துக்கூட்டலில் ஒரே கட்டுரையில் வரவிட்டால் யார் யாருக்கு மகன் என்றே தெரியாது. பெயர்ப்பட்டியல் ஒன்றை முதலில் போட்டு வைத்துக்கொண்டுதான் திருத்தத் தொடங்க வேண்டும். 2019 திருத்தத்தைக் கொண்டுவந்த தலைவர் அறுவரில் ஒருவருடைய மகன் என்பதை எழுதலாமா என்று தயங்குவார்கள். எழுதலாம், எழுதவும் வேண்டும். உள்நோக்கம் கற்பிக்காமல் உறவை மட்டும் சொன்னால் போதும்.

டான்குவாவின் முடிவை எழுதும் இடத்தில்தான் பதிவின் சாய்வு வெளிப்படும். 1958-இன் தடுப்புக்காவல் சட்டத்தின்கீழ் அடைக்கப்பட்ட அவர் 1965 பிப்ரவரி 4 அன்று இன்சவாம் சிறையில் இறந்தார். அடைத்தது நிக்ருமாவின் அரசு. ஒபெட்செபி-லாம்ப்டேயும் 1963-இல் காவலில் இருந்தபோதே இறந்தார். நிக்ருமாவை நாட்டுக்கு அழைக்கச் சொன்ன அக்கோ அட்ஜெய்க்கு, நிக்ருமாவைக் கொல்ல முயன்ற 1962 குலுங்குகு குண்டுவெடிப்பு வழக்கில் மரண தண்டனை விதித்துப் பிறகு குறைத்தார்கள். நிறுவனர் யார் என்ற தகராறில் அரை நூற்றாண்டுக்குப் பிறகும் சூடு ஆறாததற்கு இவைதான் காரணம். இவற்றை விட்டுவிட்டு விடுமுறைத் தேதிகளை மட்டும் எழுதினால், நாட்காட்டிக்காக ஏன் இத்தனை ஆத்திரம் என்று வாசகர் குழம்புவார். அதே சமயம் 1966 பிப்ரவரி 24 ராணுவப் புரட்சியையும், அப்போது கீழே தள்ளிய நிக்ருமா சிலையின் துண்டான தலை இன்றும் அக்ராவின் நினைவுப் பூங்காவில் தனியாக வைக்கப்பட்டிருப்பதையும் விடக்கூடாது.

நாணயத்தாள்கள் இரண்டு தரப்பையும் சமாளித்திருக்கின்றன. கானாவின் நாணயம் செடி. 2007-இல் பழைய 10,000 செடியை ஒரு செடியாக்கியபோது எல்லாத் தாளிலும் அறுவர். 2010-இல் வந்த 2 செடித் தாளில் நிக்ருமா மட்டும். பா கிராண்ட் இரண்டிலும் இல்லை. அவர் 1956 அக்டோபரில், விடுதலைக்குச் சில மாதங்களுக்கு முன்பே காலமாகிவிட்டார்.

கடைசியாகச் சரிபார்க்க ஒரு தேதி பாக்கி இருக்கிறது. 1909 செப்டம்பர் 21 என்ற பிறந்த நாள், ஞானஸ்நானம் கொடுத்த பாதிரியார் ஊகித்துப் பதிந்தது என்று நிக்ருமாவே தன் வரலாற்றில் சொல்கிறார். குவாமே என்பது கானாவின் ஆக்கன் இனத்தார் வழக்கில் சனிக்கிழமை பிறந்த ஆணுக்கு இடும் பெயர். பழைய நாட்காட்டியை எடுத்துப் பார்த்தால் அந்த செப்டம்பர் 21 செவ்வாய்க்கிழமை.