பழைய காரில் நாயை ஏற்றும் முன் தரையைப் பாருங்கள்

அம்பாசடர், பிரீமியர் பத்மினி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று ஏதாவது ஒன்றைப் பொன்னே போல் பாதுகாத்து வருபவர்கள் வீட்டில் நாயும் இருந்தால், ஞாயிற்றுக்கிழமை காலையில் அதையும் ஏற்றிக்கொண்டு சங்குத்துறைக்கோ முட்டத்துக்கோ ஒரு சுற்று போய் வரத் தோன்றுவது இயல்பு. தாராளமாகப் போகலாம். ஆனால் இந்த வண்டிகளில் நாய் படுக்கும் இடம் உரிமையாளர் கண்ணில் படாத இடம். பின்சீட்டுக்கு முன்னால் கால் வைக்கும் தரையைச் சொல்கிறேன். பெயின்ட், குரோம், இன்ஜின் என்று லட்சக்கணக்கில் செலவழித்தவர்கள்கூட அங்கே விரித்த கால்மிதி மேட்டைத் தூக்கிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் அதைப் பார்க்காமல் விடவே கூடாது. கடற்காற்றில் உப்பு. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்யும் ஊர் இது. கண்ணாடி ரப்பர் வழியாக உள்ளே இறங்கும் தண்ணீரை மேட்டுக்கு அடியில் உள்ள சணல் ஃபெல்ட் குடித்து வைத்துக்கொள்ளும். வெளியே வெயில் அடித்தாலும் அது காயாது. தகரம் மேலிருந்தும் அரிக்கும், ரோட்டுத் தண்ணீரால் கீழிருந்தும் அரிக்கும். பின்சீட்டு மெத்தையை எடுத்து வெளியே வையுங்கள். மேட், ஃபெல்ட் எல்லாவற்றையும் உரித்துவிட்டு, ஸ்குரூடிரைவரின் கைப்பிடியால் தரையை அங்குலம் அங்குலமாகத் தட்டுங்கள். நல்ல தகரம் கணீரென்று கேட்கும். ‘பொத்’ என்று கேட்கும் இடத்தில் முனையை வைத்து அழுத்தினால் உள்ளே இறங்கும். பிறகு இருட்டியதும் வண்டிக்கு அடியில் ஒரு லைட்டைப் போட்டுவிட்டு, உள்ளே உட்கார்ந்து கதவை மூடிப் பாருங்கள். ஊசி முனை அளவு வெளிச்சம் தெரிகிற ஒவ்வொரு இடத்திலும் சாக்பீஸால் வட்டம் போடுங்கள்.

அந்த வட்டங்கள் வழியாகத்தான் சைலன்சர் புகை உள்ளே வரும். கார்புரேட்டர் வண்டியின் புகையில் கார்பன் மோனாக்சைடு அதிகம். வாயுவைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் இந்த வண்டிகளில் பெரும்பாலும் கிடையாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. முன்னால் இருப்பவர் முகத்தில் ஜன்னல் காற்று அடிக்கும், அவருக்கு எதுவும் தெரியாது. நாயோ ஓட்டைக்குப் பக்கத்திலேயே மூக்கை வைத்துப் படுத்திருக்கும். அது துவண்டு கிடப்பதைப் பார்த்து, வண்டி ஆட்டத்தில் சுகமாகத் தூங்குகிறது என்று நினைப்பவர்கள் உண்டு. பெயர் சொல்லிக் கூப்பிட்டும் தலையைத் தூக்கவில்லை, வாந்தி எடுக்கிறது, இறக்கிவிட்டால் கால் பின்னுகிறது என்றால் உடனே திறந்த வெளிக்குக் கொண்டுபோய்விட்டு, நேராகக் கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். ஈறு வழக்கத்தைவிடச் சிவந்திருந்தால் சந்தேகம் இன்னும் வலுவாகும். ஆனால் சிவக்கவில்லை என்பதற்காக நிம்மதி அடையக் கூடாது.

தரையில் ஓட்டை இருந்தால் எம்-சீல் அப்பி மூடுவதும், மேலே ஒரு தகரத்தை வைத்து ரிவெட் அடிப்பதும் வேலைக்கு ஆகாது. துருப்பிடித்த பகுதியை நல்ல தகரம் வரும் வரை வெட்டி எடுத்து, 18 கேஜ் தகரத்தை இடைவெளி இல்லாமல் வெல்டு செய்து, ஜிங்க் பிரைமரும் சீலரும் அடிக்கச் சொல்லுங்கள். டிங்கர் வேலையில் பெயின்டுக்குக் கொடுக்கிற காசை முதலில் இங்கே கொடுங்கள். தரையோடு விட்டுவிடவும் கூடாது. கிளட்ச், ஆக்சிலரேட்டர், ஸ்பீடோமீட்டர் கேபிள், ஒயர் எல்லாம் இன்ஜின் பக்கமிருந்து உள்ளே வரும் துளைகளில் உள்ள ரப்பர் புஷ்கள் காய்ந்து உதிர்ந்திருக்கும். பத்து இருபது ரூபாய்ச் சாமான்தான், எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். டிக்கி மூடியின் ரப்பருக்கு ஒரு சின்னச் சோதனை: ஒரு தாள் துண்டை வைத்து மூடியைச் சாத்திவிட்டு இழுங்கள். தடையே இல்லாமல் உருவி வந்தால் அந்த இடத்தில் ரப்பர் படியவில்லை. சைலன்சரைப் பார்க்க, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, தடித்த கையுறை போட்டு, மடித்த ஈரத்துணியால் புகைக்குழாயின் வாயை இரண்டு மூன்று வினாடி அடைக்கச் சொல்லுங்கள். எந்த ஜாயின்டில் ‘உஸ்’ என்று கேட்கிறதோ அங்கே கசிவு. வெட்டவெளியில்தான் இதைச் செய்ய வேண்டும், ஷெட்டுக்குள் கூடாது.

இதோடு சேர்ந்ததுதான் ஜன்னல் விஷயம். நாய்க்குக் காற்று வேண்டும் என்று பின் ஜன்னலை மட்டும் இறக்கிவிடுவார்கள். ஓடும் வண்டிக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைந்து புகை அங்கேயே சுழலும். பின் ஜன்னல் மட்டும் திறந்திருந்தால் உள்ளேயும் அழுத்தம் குறைந்து, டிக்கி ரப்பர், தரை இடுக்கு வழியாக அந்தப் புகை இழுபடும். முன்பக்கத்துச் சின்ன முக்கோணக் கண்ணாடியை எதிர்க்காற்று உள்ளே விழும்படி திருப்பி வைத்து, பின் ஜன்னலை நான்கு விரல் அளவு இறக்குங்கள். காற்று முன்னால் நுழைந்து பின்னால் போகும். நாய் தலையை வெளியே நீட்டும் அளவுக்கு இறக்க வேண்டாம். ஆடி மாதத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் அடிக்கிற காற்றுக்கு மணலும் தூசும் கண்ணில் நேராக வந்து விழும். அங்கே மேற்குப் பக்கத்துக் கண்ணாடியை முழுதும் ஏற்றிவிடுவது நல்லது.

பெட்ரோல் வாசனை வந்தால் அதையும் ‘பழைய வண்டி அப்படித்தான்’ என்று விடாதீர்கள். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வரும் இ20 பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். பழைய ரப்பர் ஹோஸ் அதில் ஊறி உப்பி, இளகி, வெடித்துக் கசியும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தங்கும். எத்தனாலைத் தாங்கும் ஜே30 ஆர்9 என்று அச்சடித்த ஹோஸ் வாங்கி, டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை ரப்பர் உள்ள இடம் எல்லாவற்றிலும் மாற்றுங்கள். வண்டியில் நாய்க்கு வரும் வாந்தியில் பாதி ஆட்டத்தால் அல்ல, இந்த நாற்றத்தால்தான் என்பது என் கருத்து.

அடுத்தது சூடு. சைலன்சர் குழாய் தரைக்குக் கீழே எந்தப் பக்கம் ஓடுகிறதோ, அந்தப் பக்கம் அரைமணி ஓட்டத்தில் நன்றாகவே காயும். அரைமணி ஓட்டிவிட்டு வந்து புறங்கையைத் தரையில் வையுங்கள். ஏழு வினாடி வைத்திருக்க முடியவில்லை என்றால் நாயின் அடிவயிறும் தாங்காது. அலுமினியம் முகம் கொண்ட வெப்பத்தடுப்பு ஷீட்டைப் போட்டு, மேலே தடித்த ரப்பர் மேட், அதன் மேல் துவைக்கக்கூடிய சமுக்காளம் விரிக்கலாம். மலிவான தார் ஷீட் வேண்டாம், சூட்டில் இளகி நாறும்.

நாயைக் கட்டுவதற்கு வருவோம். இந்த வண்டிகள் பலவற்றில் பின்சீட்டில் பெல்ட்டே கிடையாது. அதனால் கழுத்துப்பட்டையில் சங்கிலியைப் போட்டு, கதவுக் கைப்பிடியில் மாட்டிவிடுகிறார்கள். அது தூக்குக் கயிறு. கணக்குப் பாருங்கள்: 20 கிலோ நாய், வண்டி 40 கிலோமீட்டர் வேகத்தில் மோதி அரை மீட்டருக்குள் நின்றால், கட்டிய இடத்தில் விழும் இழுப்பு சுமார் 250 கிலோ. கைப்பிடி பிய்ந்து வரும், அதற்கு முன் கழுத்து போகும். மார்பைச் சுற்றி வரும் அகலமான ஹார்னஸ்தான் வேண்டும். பிளாஸ்டிக் பக்கிளை நம்பாமல், இழுப்பு விழும் வளையம் உலோகத்தில் இருக்கிறதா, தையல் இரட்டையா என்று பார்த்து வாங்குங்கள்.

கட்டும் இடத்தைச் செய்துகொள்ள வேண்டும். சீட் பெல்ட்டுக்கென்றே வரும் 7/16 அங்குல போல்டும், பட்டையை மாட்டும் வளையமான கண்ணியும் கடைகளில் கிடைக்கும். பின்சீட்டு மெத்தையும் சாய்வும் சேரும் மூலையில், மடிப்பு கொடுத்து பலப்படுத்திய தகரத்தில் துளை போட்டு, கீழ்ப்பக்கம் 3 மில்லிமீட்டர் கனம், இரண்டுக்கு மூன்று அங்குல இரும்புத் தகட்டை வைத்து முறுக்குங்கள். வெறும் வாஷர் மட்டும் போட்டால் இழுப்பில் தகரத்தைக் கிழித்துக்கொண்டு மேலே வந்துவிடும். துளை போடும் முன் பேட்டரியைக் கழற்றி, கீழே படுத்துப் பார்த்துவிடுங்கள்: பிரேக் பைப், பெட்ரோல் பைப், டேங்க் எதுவும் துரப்பண முனைக்கு நேரே இருக்கக் கூடாது. ஹெரால்டுக்குத் தனிச் சேசிஸ் உண்டு, கண்ணியை அதில் பிடிக்க வழி பண்ணலாம். அம்பாசடர், பத்மினியில் பாடியே சேசிஸ், அதனால் தகடு கட்டாயம். துருப்பிடித்த தரையில் எந்த போல்டும் நிற்காது.

கட்டும் பட்டையின் நீளம், நாய் எழுந்து உட்கார்ந்து திரும்பிப் படுக்கப் போதும், ஆனால் முன்சீட்டுச் சாய்வைத் தாண்டக் கூடாது. முன்னால் பெஞ்ச் சீட்டும் ஸ்டியரிங்கில் கியரும் உள்ள வண்டிகளில் நாய் வழுக்கிக்கொண்டு ஓட்டுபவர் மடிக்கே வந்துவிடும். பிரேக் பெடலுக்கு அடியில் புகுந்தால் கேட்கவே வேண்டாம். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் உள்ள வண்டி மழையில் நனைந்தால் ஒரு பக்கம் இழுக்கும். நாய் இருக்கும்போது முன் வண்டிக்கும் நமக்கும் நடுவே வழக்கத்தைவிட இரண்டு மடங்கு இடைவெளி விடுங்கள்.

1964-ல் வந்த 1100டி மாடலுக்கு முந்தைய ஃபியட்களில் முன்கதவின் கீல் பின்பக்கம் இருக்கும். ஓட்டத்தில் தாழ் விலகினால் எதிர்க்காற்றே கதவைப் பிய்த்துத் திறந்துவிடும். உள் கைப்பிடியில் நாயின் கால் பட்டாலே போதும். அப்படிப்பட்ட வண்டியில் முன்சீட்டில் நாயே வேண்டாம். திறந்த ஜீப்பிலும் பின்பலகை மேல் நிற்க விடாமல், தரையில் படுக்கிற அளவுக்குத் தாழ்த்திக் கட்டுங்கள்.

ஏசி இல்லாத வண்டியில் வெயில்தான் பெரிய எதிரி. நாயின் உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். 41-ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. அது நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். நம் கடலோரக் காற்றில் ஈரம் அதிகம், அதனால் எச்சில் சீக்கிரம் ஆவியாகாது. தெர்மாமீட்டரில் 32 என்று இருந்தாலும் இங்கே நாய்க்குக் கஷ்டம்தான். காலை ஒன்பது மணிக்குள் வீடு திரும்புகிற மாதிரி கிளம்புங்கள். பக், ஷிட்சு போன்ற தட்டை மூக்கு நாய்களை மாசியிலிருந்து வைகாசி வரை ஏற்றவே வேண்டாம் என்பேன். ராஜபாளையம் நாயின் வெளுத்த முடிக்கு அடியில் தோல் இளஞ்சிவப்பு, வெயில் நேராகப் பட்டால் புண்ணாகும். பின் ஜன்னலில் வெள்ளைத் துணித் திரை கட்டுங்கள். நிறுத்திய காருக்குள் ஒரு மணி நேரத்தில் சுமார் 22 டிகிரி ஏறும், அதில் பெரும்பகுதி முதல் அரை மணிக்குள்ளேயே ஏறிவிடும். ஜன்னலை இரண்டு விரல் இறக்கி வைத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. டீ குடிக்க இறங்கினால் நாயும் இறங்க வேண்டும்.

சிலர் பின்சீட்டுக்குச் சின்ன 12 வோல்ட் ஃபேன் வைக்கிறார்கள். டைனமோ வண்டியில் ஐட்லிங்கில் சார்ஜ் ஏறாது, மார்த்தாண்டம் நெரிசலில் அது பேட்டரியைத்தான் தின்னும். இன்னொன்று, பழைய அம்பாசடர்கள் சிலவற்றில் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியில் இணைந்திருக்கும். இன்றைய ஃபேனை வழக்கம்போல் பாடியில் நெகட்டிவ் கொடுத்து மாட்டினால் பழுதாகலாம்.

கூலன்ட் கசிவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கூலன்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், நாய் நக்கும். ஒரு கிலோ எடைக்கு 5 மில்லி அளவு உள்ளே போனாலே உயிர் போகலாம். 10 கிலோ நாய்க்கு அது அரை டம்ளருக்கும் குறைவு. முதலில் குடித்த மாதிரி தள்ளாடும், பிறகு தேறிவிட்டது போலத் தெரியும், அதற்குள் சிறுநீரகம் பழுதாகிக்கொண்டிருக்கும். தேறட்டும் என்று காத்திருக்காமல் முதல் ஒரு மணி நேரத்திலேயே மருத்துவரிடம் போங்கள். ஷெட் தரையில் பச்சையாகவோ சிவப்பாகவோ சொட்டு தெரிந்தால், வாட்டர் பம்ப்பும் ஹோஸும் சரியாகும் வரை அங்கே நாயை விடாதீர்கள். ரோட்டில் வண்டி கொதித்து நின்றாலும் இதே கவனம் வேண்டும். முதலில் நாயை இடப்பக்கமாக இறக்கி நிழலில் கட்டிவிட்டு, பிறகு பானெட்டைத் திறங்கள்.

பழக்குவது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இன்ஜினை அணைத்து வைத்து உள்ளே உட்கார வைப்பது, பிறகு ஸ்டார்ட் செய்து சோக் சத்தம் அடங்கும் வரை இருப்பது, பிறகு தெருக்கோடி வரை போய் வருவது. சாப்பாடு மூன்று மணி நேரம் முன்னதாகவே முடிந்திருக்க வேண்டும். லீஃப் ஸ்பிரிங் ஆட்டம் ஒத்துக்கொள்ளாத நாய்க்கு வாந்தியைத் தடுக்கும் மரோபிடன்ட் மாத்திரையை மருத்துவர் எடை பார்த்துத் தருவார்.

2021-இல் வந்த விதிப்படி, 50 வயது தாண்டிய வண்டியை வின்டேஜ் என்று பதிந்து ‘வி.ஏ.’ நம்பர் வாங்கினால், கண்காட்சி, ரேலி, பழுதுபார்ப்பு, எரிபொருள் போன்ற காரியங்களுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். வாராவாரம் நாயோடு போக ஆசைப்படுபவர்கள், வழக்கமான ஆர்.சி.யை ஐந்தாண்டுக்கொரு முறை புதுப்பித்து வைத்திருப்பதே வசதி. காளிகேசம், கீரிப்பாறை பக்கம் வனத்துறைச் செக்போஸ்ட்டுக்கு உள்ளே நாயைக் கொண்டுபோகாதீர்கள். நம் நாயின் நோய் காட்டு விலங்குக்குத் தொற்றும். மாத்தூர் தொட்டிப்பாலம், குலசேகரம் ரப்பர் தோட்டங்கள் ஊடே போகும் ரோடுகள், சொத்தவிளைக் கடற்கரை ரோடு எல்லாம் போதாதா?

கடற்கரையிலிருந்து கிளம்பும் முன் ஐந்து லிட்டர் நல்ல தண்ணீரால் நாயின் கால்களையும் அடிவயிற்றையும் கழுவித் துடைத்துவிட்டு ஏற்றுங்கள். அந்த உப்பு மேட்டில் இறங்கினால் வெல்டு செய்த தரை மறுபடி துருப்பிடிக்கும். ரப்பர் தோட்டத்தில் இறக்கியிருந்தால் காது மடல், கால் விரல் இடுக்கு இரண்டிலும் உண்ணி தேடுங்கள். தப்பித்த பெண் உண்ணி ரெக்சின் சீட்டின் தையல் மடிப்பிலும் தேங்காய்நார்ப் பஞ்சிலும் புகுந்து ஆயிரக்கணக்கில் முட்டையிடும். சீட்டைப் பிரித்தால்தான் அதை எடுக்க முடியும். வீட்டுக்கு வந்ததும் சமுக்காளத்தைத் துவைக்கப் போட்டு, மேட்டை வெயிலில் விரித்து, கதவு நான்கையும் ஒரு மணி நேரம் திறந்து வையுங்கள்.