முள்ளியவளை வீட்டுச் சுவர்: சீமெந்தை அகற்றிச் சுண்ணாம்பு பூசிய அனுபவம்

முல்லைத்தீவு மாவட்டத்து முள்ளியவளையில் உள்ள எங்கள் பாட்டனார் காலத்து, நடுவே முற்றம் கொண்ட நாற்சார் வீட்டின் வடக்குச் சுவரில் இருந்த சீமெந்துப் பூச்சை முழுவதும் அகற்றி, சுண்ணாம்புச் சாந்தின் முதற்பூச்சை இட்டு முடித்துள்ளேன். இலங்கையின் 1940 ஆம் ஆண்டுத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2 க்கு முற்பட்ட கட்டடங்களுக்கே இயல்பாகக் காப்பளிக்கிறது. அதற்குப் பின்னர் எழுந்த இவ்வீட்டைப் பேணும் பொறுப்பு எங்களுடையதே.

2009 இல் போர் முடிந்த பின் மீள்குடியேறியபோது, செல் (எறிகணை) துண்டுகள் கிழித்திருந்த சுவர்களைக் கிடைத்த சீமெந்தைக் கொண்டு பூசினார்கள். உடனே குடியிருந்தாக வேண்டிய அந்த நிலையில் அது நியாயமான வேலை. ஆனால் செங்கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் எழுப்பப்பட்ட இச்சுவரின் அடியில் ஈரத்தைத் தடுக்கும் படை எதுவும் இல்லை. மாரியில் நிலம் ஊறியதும் சுவருக்குள் ஏறும் ஈரம், சுண்ணாம்புப் பூச்சு இருந்தவரை கோடையில் அதன் வழியாகவே ஆவியாகி வெளியேறிவிடும். சீமெந்து அந்த வழியை அடைத்துவிட்டதால் ஈரம் மேலும் உயரத்துக்கு ஏறி, அதனுடன் வந்த உவர் (உப்பு) பூச்சின் பின்னால் படிந்து, செங்கல்லையே உதிர்க்கத் தொடங்கியிருந்தது.

அலவாங்கைத் தொடாமல், சிறிய உளியைச் சாய்வாகப் பிடித்து ஓரத்திலிருந்து மெல்லக் கழற்றினேன். உவர் ஏறிய இடங்களில் பூச்சு பாளம் பாளமாக வந்தது. நன்றாகப் பிடித்திருந்த இடங்களில் செங்கல்லின் முகம் பெயராதிருக்க மிகுந்த பொறுமை தேவைப்பட்டது. சுவருக்குள் புதைந்திருந்த செல் துண்டுகளையும் எடுக்கவேண்டியிருந்தது, ஏனெனில் இரும்பு துருப்பிடிக்கும்போது பருத்து, மேலே இடும் எந்தப் பூச்சையும் வெடிக்கச் செய்துவிடும். அவற்றை வெளியே எடுக்கையில் மாமி அருகில் நின்று பார்த்தார், எதுவும் சொல்லவில்லை.

சுண்ணாம்பை நீற்றுவதற்கு ஊரிலுள்ள முதிய மேசன் ஐயா ஒருவர் வழிகாட்டினார். சுட்ட சுண்ணாம்புக் கட்டிகளைத்தான் தண்ணீருக்குள் சிறிது சிறிதாக இடவேண்டுமே தவிர, கட்டிகளின் மேல் தண்ணீரை ஊற்றக்கூடாது. கொதித்துத் தெறிக்கும் சுண்ணாம்பு கண்ணைக் கெடுத்துவிடும். நீறிய களியை மேலே தண்ணீர் நிற்கும்படி பீப்பாவில் மூடி வைத்தால் அது கெட்டுப்போகாது, நாட்செல்லச் செல்ல இன்னும் இழைவாகும். அதில் ஒரு பங்குக்கு, கழுவி உவர் நீக்கிய ஆற்றுமணல் மூன்று பங்கு சேர்த்துக் குழைத்தேன்.

சுவரை முதல்நாளே நன்கு நனைத்து, ஏறத்தாழ 10 மில்லிமீற்றர் கனத்தில் பூசி, அடுத்த பூச்சுப் பிடிக்கும்படி மேற்பரப்பைக் கீறிவிட்டேன். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உள்வாங்கியே இறுகும். அதற்குச் சற்று ஈரமும் வேண்டும். சோளகக் காற்று வீசும் காலத்தில் வன்னியின் வெயில் பூச்சை வெகுவிரைவில் உலர்த்தி வெடிக்கவைத்துவிடும் என்பதால், நனைத்த சாக்குகளைச் சுவரின் முன்னால் தொங்கவிட்டுக் காலையும் மாலையும் தண்ணீர் தெளித்து வருகிறேன். இதுவரை மயிரிழை வெடிப்புகள் மட்டும் இரண்டு இடங்களில் தெரிந்தன. ஈரமாக இருக்கும்போதே மட்டப்பலகையால் தேய்த்து அவற்றை மூடமுடிந்தது.

இரண்டாம் பூச்சை முதற்பூச்சு இறுகிய பின்னரே இடுவேன். அதன்மேல் பெயின்ற் அடித்தால் ஈரத்துக்கு மீண்டும் வழியடைபடும் என்பதால், நீர்த்த சுண்ணாம்பையே பல தடவை வெள்ளையடிக்க எண்ணியுள்ளேன். மாரி தொடங்குமுன் அதை முடித்துவிட்டால், விறாந்தைப் பக்கத்துச் சுவரை வரும் தைக்குப் பின்னர் தொடங்கலாம்.