அலெக்ஸாண்ட்ரா ஏரி அன்னத்துக்காகச் சேர்த்த காசு

2025 பெப்ரவரி 2, ஞாயிறு

லண்டன், மனர் பார்க். மூன்று நாளாகப் பார்க்கிறேன், ஏரியின் பெட்டை அன்னம் கரையை விட்டு அசையவில்லை. கழுத்து அடியில் மடிந்து முதுகில் கிடக்கிறது. எச்சம் கடும் பச்சை. ஆண் அன்னம் கிட்ட வருகிற நாய்களையெல்லாம் சீறி விரட்டியபடி நிற்கிறது.

அன்னங்களைப் பராமரிக்கிற தொண்டு நிறுவனம் ஒன்றுக்கு அழைத்தேன். வந்த பெண் சிறகுகளை உடம்போடு சேர்த்து அணைத்து, கால்களை மடித்து, பெரிய நீல ஐக்கியா பை ஒன்றுக்குள் பறவையை வைத்தார். கழுத்து மட்டும் வெளியே. வண்டிவரை நான்தான் தூக்கிப் போனேன். எட்டு, ஒன்பது கிலோ இருக்க வேண்டியது, ஐந்து கிலோ அரிசிப் பைபோல இருந்தது. நெஞ்செலும்பு பைக்கு வெளியிலேயே கையில் குத்தியது.

பெப்ரவரி 4, செவ்வாய்

ஈய நஞ்சு. இரத்தத்தில் 100 மில்லிலீற்றருக்கு 40 மைக்ரோகிராமைத் தாண்டினாலே கவலைப்பட வேண்டுமாம். இதற்கு 186. எக்ஸ்ரே படத்தையும் அனுப்பினார்கள். வயிற்றுப் பகுதியில் ஏழு வெள்ளைப் புள்ளிகள், மிளகு அளவில்.

அன்னத்துக்குப் பல் இல்லை. சிறு கற்களை விழுங்கி வைத்துக்கொண்டு, இரைப்பையின் தசையால்தான் புல்லையும் பாசியையும் அரைக்கும். தூண்டில் ஈயக் குண்டும் அதற்குக் கல்தான். அது அங்கே அரைபட்டுக் கரைந்து இரத்தத்தில் கலக்கிறது. பிறகு குடல் அசையாது. தொண்டை நிறையத் தீனி இருக்கப் பறவை பட்டினியில் சாகும்.

0.06 கிராமிலிருந்து 28.35 கிராம்வரையான ஈயத் தூண்டில் எடைகளுக்கு இங்கே 1987இலேயே தடை வந்துவிட்டது. ஆனால் அதற்கு முன் விழுந்தவை சேற்றுக்குள் அப்படியே கிடக்கும். ஈயம் உக்காது.

அவர்கள் கட்டணம் கேட்கவில்லை. நன்கொடையில்தான் எல்லாம் ஓடுகிறது என்றார்கள். நானே வற்புறுத்திக் கேட்டதில், ஊசி, மயக்க மருந்து, எக்ஸ்ரே, தீனி எல்லாம் சேர்த்து 900 பவுண்ஸ் வரலாம் என்றார்கள். சேர்த்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

பெப்ரவரி 5, புதன்

வாட்ஸ்அப்பில் போட்டேன். முதலில் வந்த பதில் ஒரு அண்ணாவிடமிருந்து: "தங்கச்சி, ஊரில சனம் சாப்பாட்டுக்குக் கஷ்டப்படுது. நீ அன்னத்துக்குக் காசு சேர்க்கிறாய்?"

அவர் சொன்னதில் பிழையில்லை. ஊருக்கு நானும் மாதாமாதம் அனுப்புகிறேன், அதை நிறுத்தப் போவதில்லை. ஆனால் இந்த ஈயத்தை ஏரியில் போட்டது மனிதர்கள். அந்தக் கழுத்தைப் பார்த்துவிட்டு வந்தவளால் சும்மா இருக்க முடியவில்லை. இதையே அவருக்கும் எழுதினேன். இரவு 20 பவுண்ஸ் அனுப்பியிருந்தார்.

பெப்ரவரி 8, சனி

தமிழ்ப் பள்ளி வாசலில் ரோல்ஸும் வடையும் விற்றோம். அக்கா விடியற்காலை நான்கு மணிக்கே எழும்பிச் சுட்டது. 164 பவுண்ஸ். மழை.

பெப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். முருகன் கோயிலால் வரும்போது பக்கத்து வீட்டு அம்மம்மாவுக்கு எக்ஸ்ரே படத்தைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி, போனை முகத்துக்குக் கிட்டப் பிடித்துப் புள்ளிகளை ஒவ்வொன்றாக எண்ணினா. "பாலையும் தண்ணியையும் பிரிக்கிறது எண்டு படிச்சனாங்கள் பிள்ளை. பாவம், இதைப் பிரிக்கத் தெரியேல்லையே." சீலைத் தலைப்பில் முடிந்திருந்த ஐந்து பவுண்ஸ் தாளை அவிழ்த்துத் தந்தா. நான்காக மடித்த தாள், கையில் வாங்கும்போது சூடாக இருந்தது.

பெப்ரவரி 16, ஞாயிறு

மயக்க மருந்து கொடுத்து, குழாய் விட்டு, தண்ணீர் பாய்ச்சி இரைப்பையைக் கழுவியிருக்கிறார்கள். ஐந்து குண்டு வெளியே வந்தது. இரண்டு இன்னும் உள்ளே. ஈயத்தைப் பிணைத்துச் சிறுநீரோடு வெளியேற்றுகிற ஊசியை ஐந்து நாள் போட்டுவிட்டு இடைவெளி விட வேண்டும். தொடர்ந்து போட்டால் சிறுநீரகம் தாங்காதாம். கையில் 611 பவுண்ஸ். அனுப்பியாயிற்று.

மார்ச் 1, சனி

புது எக்ஸ்ரேயில் ஒரு புள்ளியும் இல்லை. நான் அழுதேன். இரத்தத்தில் இன்னும் 71, அதனால் மறுபடி ஐந்து நாள் ஊசி. கழுத்தை நிமிர்த்திக் கீரை சாப்பிடுகிறதாம். 900க்கு இன்னும் 84 பவுண்ஸ் குறைகிறது. அடுத்த சனிக்கிழமையும் ரோல்ஸ் போடலாம் என்கிறா அக்கா.

மாலையில் ஏரிக்குப் போனேன். ஆண் அன்னம் அதே கரையில்தான் நிற்கிறது. கொண்டுபோன கோதுமையைத் தண்ணீரில் தூவினேன். கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் அந்த இடத்துக்கே போய்விட்டது.