பேரூராட்சி ஆபீசும் எங்கள் வேலையும்

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் தனியாக இருக்கும் வயதானவர்களை வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொள்ளும் வேலை எங்களுடையது. மருந்து கொடுப்பது, குளிப்பாட்டுவது, படுக்கைப்புண்ணுக்குக் கட்டு மாற்றுவது எல்லாம் வீட்டுக்குள்ளே நடப்பவைதான், ஆனால் தெருவில் தண்ணீர் வராமல், குப்பை எடுக்காமல் போனால் உள்ளே நாங்கள் படும் பாட்டில் பாதி வீண். அதனால் பேரூராட்சியோடு சுமுகமாக இருப்பதும் என் வேலைதான்.

இந்தப் பக்கத்து வீடுகள் தெரிந்ததுதானே, முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு அடுத்த தெருவில். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்க, ஆச்சி மட்டும் அடுப்படியை ஒட்டிய ஓர் அறையில் இருப்பார். முகப்பில் நின்று எவ்வளவு தட்டினாலும் அவருக்குக் கேட்காது. வரி கேட்டு வரும் பில் கலெக்டர் பூட்டைப் பார்த்துவிட்டு ஆளில்லாத வீடு என்று குறித்துக்கொண்டு போய்விடுவார். பின்தெருவில் குப்பை வண்டி தள்ளி வரும் அம்மாவுக்கோ ஆச்சி என்றைக்கு என்ன சமைத்தார் என்பது வரை தெரியும். இரண்டு பேரும் ஒரே ஆபீஸ்தான், ஆனால் இவருக்குத் தெரிந்தது அவர் காதுக்குப் போனதே இல்லை.

நாங்கள் செய்ததில் உருப்படியான காரியம், இவர்களோடு உட்கார்ந்து ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு தெருவின் பெயரையும் எழுதி, எந்தக் கதவைத் தட்டவேண்டும் என்று குறித்ததுதான். வீட்டுக்காரர்களிடம் சம்மதம் கேட்டுத்தான் எழுதினோம், நோய் விவரம் எதையும் கொடுக்கவில்லை. எந்த வீட்டில் தனியாக ஒரு கிழவி இருக்கிறார் என்ற விவரம் கண்டவர் கைக்கும் போகக்கூடாது, இதில் நான் ரொம்பக் கறார்.

அதற்கப்புறம் குப்பை எடுக்கும் அம்மாவே போன் செய்ய ஆரம்பித்தார். "அக்கா, ரெண்டு நாளா ஆச்சி பக்கெட்டை வெளியில வைக்கலை, ஒரு எட்டு வந்து பாருங்க." போனால் ஆச்சி காய்ச்சலில் சுருண்டு கிடக்கிறார்.

இதே அம்மாவுக்கு முன்பு எங்களைக் கண்டாலே ஆகாது. காரணம் டயப்பர். பல வீடுகளில் அதைக் காய்கறித் தோலோடு சேர்த்துக் கொட்டிவிடுவார்கள், வெறுங்கையால் பிரிப்பது அவர். நன்றாகச் சுற்றிக் கொடுக்கவேண்டும் என்று 2016 திடக்கழிவு விதிகளிலேயே சொல்லியிருந்தார்கள். எங்கள் பெண்களே பழைய செய்தித்தாளில் சுற்றிக் கட்டித் தனிப் பையில் கொடுக்கத் தொடங்கினார்கள், கையுறைப் பெட்டி வாங்கும்போது அவருக்கும் சேர்த்து வாங்கினோம். எந்தக் கூட்டமும் மனுவும் கொண்டுவராத நெருக்கம் அதில் வந்தது.

இன்னொன்று, யாரிடம் எதைக் கேட்பது என்று தெரிந்திருக்கவேண்டும். முதியோர் ஓய்வூதியம் தாசில்தார் ஆபீஸ் விஷயம். பிள்ளைகள் கைவிட்டால் 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கவேண்டும். இதற்கெல்லாம் பேரூராட்சிச் செயல் அலுவலர் முன்னால் போய் நின்றால் அவருக்கும் சங்கடம், நமக்கும் அலைச்சல். தெருவிளக்கு, குடிநீர், சாய்ந்து நிற்கும் மதில் என்று அவர் கையில் இருப்பதை மட்டும் எழுத்தில் கேட்டால் பெரும்பாலும் நடக்கிறது.

ஆனால் செயல் அலுவலருக்கு மாற்றல் வந்தால் பழையபடி முதலிலிருந்து தொடங்கவேண்டியிருக்கிறது. ஊராட்சிகளில் 2025 ஜனவரியோடு தலைவர்கள் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் வந்தபோதும் இதே கதைதான், வார்டு மெம்பரிடம் வாயால் சொல்லி வைத்ததெல்லாம் போயிற்று. இப்போது பேசி முடிவானதை ஒரு பக்கத்தில் எழுதி ஆபீஸ் கோப்பில் ஒரு பிரதி வைக்கச் சொல்கிறோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எங்களையும் கிராமச் செவிலியரையும் குப்பை எடுப்பவர்களையும் அரை மணி நேரம் ஒன்றாக உட்காரவைத்தால் போதும் என்றும் கேட்டிருக்கிறோம். ஒரு பேரூராட்சியில் சரி என்றிருக்கிறார்கள், மற்றவர்களையும் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.