அலகை மூடிவிட்டுக் கூடையைப் பார்த்தேன்

கிளாஸ்கோவில் ஒரு சின்ன ஏலத்தில் அந்தக் கூடைப்பிடி வாளை எடுத்தேன்; பிடிக்கும் கையைச் சுற்றி இரும்புக் கூடை போலக் காப்பு வைத்த வாள் அது. ஏலப் பட்டியலில் ‘17-ஆம் நூற்றாண்டு’ என்று போட்டிருந்தது. அலகின் பள்ளத்தில் ஆந்திரேயா ஃபெராரா என்ற பெயர் இருந்ததால் நானும் நம்பிவிட்டேன்.

ஃபெராரா 16-ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் பெல்லூனோவில் இருந்த கொல்லர். ஆனால் ஜெர்மனியின் சோலிங்கன் பட்டறைக்காரர்கள், அவர் காலம் முடிந்து நூறு வருஷத்துக்கு மேலாகியும் அதே பெயரை வெட்டி ஸ்காட்லாந்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பல அலகுகளில் எழுத்துப் பிழையும் உண்டு. போதாததற்கு, பழைய அலகைக் கழற்றிப் புதுப் பிடியில் மாட்டுவது அங்கே சர்வ சாதாரணம். அலகில் இருக்கும் பெயரை வைத்து வருஷம் சொல்ல முடியாது என்று எனக்கு உறைக்கவே ஒரு மாதம் ஆனது. அப்புறம் அலகைத் துணியால் சுற்றி வைத்துவிட்டுக் கூடையை மட்டும் பார்க்க உட்கார்ந்தேன்.

முதலில் பிடியின் முனையில் இருக்கும் குமிழ். என்னுடையது கூம்பு வடிவம். அதைச் சுற்றி ஒரு காடி வெட்டி, கூடையின் மூன்று கம்பிக் கைகளின் நுனியையும் அதில் செருகியிருந்தார்கள். இங்கிலாந்துக் கூடை என்றால் அந்த நுனிகளைப் பெரும்பாலும் திருகு போட்டுக் குமிழோடு இறுக்கியிருப்பார்கள். திருகுத் துளை எங்கும் இல்லை. சரி, ஸ்காட்லாந்து வேலைதான்.

அடுத்தது முன்பக்கம். 17-ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்துக் கூடையில் நாடா மாதிரித் தட்டைப் பட்டைகள் முன்னால் சேர்ந்து கிளிமூக்காக வளைந்திருக்கும். என்னுடையதில் அந்த மூக்கே இல்லை. இதயமும் வட்டமும் துளைத்த அகலத் தகடுகள், அரத்தால் பல் வெட்டிய ஓரங்கள், மணிக்கட்டுப் பக்கம் சுருண்டு நீளும் பின்காப்பு என்று எல்லாமே 18-ஆம் நூற்றாண்டைச் சொல்லின. பட்டியல் போட்டவர் அலகை மட்டுமே பார்த்திருக்கிறார்.

ஆனால் இன்னொரு பயம் வந்தது. ஸ்காட்லாந்துப் படைப்பிரிவு அதிகாரிகளுக்கான 1828 மாதிரி வாளும் இதே சாயல்தான்; பின்னாளில் செய்த நகல்களும் உண்டு. லென்ஸை வைத்து ஒவ்வொரு இதயமாகப் பார்த்தேன். ஒன்றின் இடப்பக்கம் வலதைவிடப் பெருத்திருந்தது, பக்கத்தில் இருந்தது லேசாகச் சாய்ந்திருந்தது. கூடைக்குள் டார்ச் அடித்தால் கம்பி தகட்டோடு சேரும் இடத்தில் பற்றவைத்த கோடும் அரம் இழுத்த கீறலும் தெரிந்தன. தொழிற்சாலையில் வரிசையாகச் செய்ததில் இவ்வளவு கோணல் பெரும்பாலும் இருக்காது. அந்தச் சாய்ந்த இதயத்தை இப்போதும் அடிக்கடி தடவிப் பார்க்கிறேன்.

எந்த வருஷத்துக்குப் பிந்தியதாக இருக்காது என்று குறிக்கச் சரித்திரம் உதவியது. 1746-இல் ஸ்காட்லாந்துக் கிளர்ச்சிக்காரர்கள் அரசுப் படையிடம் தோற்ற கல்லோடன் போர் முடிந்ததும், ஸ்காட்லாந்தின் மலைநாட்டு மக்களிடம் ஆயுதம் இருக்கக் கூடாது என்று சட்டத்தைக் கடுமையாக்கினார்கள். அதற்குப் பிறகு பட்டாளத்துச் சிப்பாய்களுக்காக லண்டனிலும் பர்மிங்காமிலும் மொத்தமாகச் செய்த கூடைகள் மெல்லிய தகட்டில் எளிமையாக இருக்கும். என் கூடையின் கம்பிகள் கனமானவை, அலங்காரமும் அதிகம். எல்லாவற்றையும் சேர்த்து 1720–1745 என்று குறித்து வைத்தேன்.

துருவுக்கு எண்ணெய் மட்டும் தடவினேன். கூடையின் உள்பக்கம் கையைக் காக்க வைத்த தோல் உறையில் ஒரு விரல் அகலத் துண்டு இன்னும் ஒட்டியிருக்கிறது. அதைத் தொடவில்லை.