நடந்து காட்டிய பத்தடி

"எப்படி நடக்கணும்னு நடந்து காட்டுங்க சார்" என்று என் மாணவன் ஒருவன் கேட்டதில் குத்தல் ஏதும் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். நானும் ஆசிரியர் அறைக்கு வெளியே, தோளை அசைக்காமல், கைகளை வீசாமல் பத்தடி நடந்து காட்டினேன். என் பின்னாலேயே அவனும் நடந்து பார்த்தான். இது நடந்தது 2018இல். அந்தப் பத்தடியை நான் இன்னும் கடக்கவில்லை.

ஒன்பதாம் வகுப்பில் அவன் வீட்டிலிருந்து கொண்டுவரும் தண்ணீர் பாட்டில் மாலைவரை நிறைந்தே இருக்கும். அடிக்கடி அடிவயிற்று வலி. சிறுநீர்த் தொற்று என்று மருத்துவச் சீட்டோடு இருமுறை விடுப்பு. தனியே அழைத்து விசாரித்தபோதுதான், இடைவேளையில் கழிப்பறைக்குப் போனால் நான்கு பேர் பெண் நடை என்று கேலிசெய்து கதவை மறித்து, "நீ எந்தப் பக்கம் போகணும்?" என்று கேட்டுக் கால்சட்டையைப் பிடித்து இழுப்பதையும், அதற்கு அஞ்சியே தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்டதையும் சொன்னான். அத்தனையும் கேட்டுவிட்டு நான் சொன்னது, "நீயும் நடையைக் கொஞ்சம் மாத்திக்கப்பா" என்பதுதான்.

தலைமையாசிரியரிடம் கொண்டுபோனால் பெற்றோரை வரச் சொல்வார், அப்பாவுக்குத் தெரிந்தால் படிப்பு நின்றுபோகும், அல்லது 'சரிசெய்ய' எங்காவது இழுத்துப் போவார்கள் என்று அஞ்சினேன். அப்படி நடந்த வீடுகளை அறிவேன்; அந்த அச்சம் பொய்யில்லை. ஆனால் அந்த நால்வரை அழைத்துக் கண்டிக்கவோ, இடைவேளையில் கழிப்பறை வாசலில் போய் நிற்கவோ எனக்கு யார் அனுமதி வேண்டியிருந்தது? அவன் தன்னை இன்னாரென்று என்னிடம் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. தெரிந்தால்தான் காப்பாற்ற முடியும் என்பதும் இல்லை.

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஒருபால் ஈர்ப்பாளர், திருநர் போன்ற பால், பாலினச் சிறுபான்மை இளைஞர்கள் பட்டதைப் பற்றி 2019இல் யுனெஸ்கோ வெளியிட்ட ஆய்வைப் பின்னர் படித்தேன். நடுநிலை, உயர்நிலை வகுப்புகளில் 60 விழுக்காட்டினர் உடல்ரீதியாகத் துன்புறுத்தப்பட்டிருந்தனர். துன்பப்பட்டவர்களில் பள்ளியில் முறையிட்டவர்கள் 18 விழுக்காடு மட்டுமே. அந்த எண்ணில் என் கண் நின்றுவிட்டது. வாய் திறந்த அந்தச் சிலரைப் போல ஒரு பையன் என்னை நம்பி வந்திருக்கிறான்.

சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், உளவியலாளரிடம் அமர்ந்து இவர்களைப் பற்றிக் கேட்டறிந்த பின், 2021 ஜூன் 7 அன்று பிறப்பித்த உத்தரவில், இத்தகைய மாணவர்களுக்கு ஆண், பெண் என்று பிரிக்காத கழிப்பறை வேண்டும் என்பதையும், பெற்றோர் ஆசிரியர் கழகம் வழியே பெற்றோருக்குப் புரியவைக்க வேண்டும் என்பதையும் சொல்லியிருக்கிறார். அது முன்பே வந்திருந்தால் துணிந்திருப்பேன் என்று சில நாள் தோன்றும். பிள்ளை தண்ணீர் குடிக்க அஞ்சுகிறான் என்பதற்கு மேல் எனக்கு என்ன உத்தரவு வேண்டியிருந்தது என்று மறுநாளே தோன்றும்.

அரையாண்டுத் தேர்வுக்குள் அவன் நடை மாறிவிட்டது. "இப்பதான் நல்லா இருக்கு" என்று நானே பாராட்டினேன். அன்று மாலை மணி அடித்து அவன் பையை எடுத்தபோது, பக்கவாட்டில் செருகியிருந்த பாட்டிலில் தண்ணீர் கழுத்துவரை அப்படியே இருந்தது.